வேட்டைக்கு எடுத்துப்போகும் துப்பாக்கித் தாங்கி: எப்படிப் பார்த்து வாங்குவது

சுடும்போது துப்பாக்கி ஆடாமல் இருக்க அதற்குக் கீழே ஊன்றிக்கொள்ளும் தாங்கியை முதலில் உயரம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எடை, பிராண்ட், கார்பனா அலுமினியமா என்பதெல்லாம் அப்புறம். முழங்கால் அளவுக்குப் புல் நிற்கிற இடத்தில் வேட்டையாடுகிறவர் ஆறங்குல பைபாடை, அதாவது துப்பாக்கியிலேயே மாட்டும் இரண்டுகால் தாங்கியை, மாட்டிக்கொண்டு போனால், குப்புறப் படுத்தவுடன் ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் உள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியில்) தெரிவது புல் மட்டும்தான். அது எவ்வளவு நல்ல பைபாடாக இருந்தாலும் அன்றைக்கு வெறும் சுமை. எழுந்து உட்கார்ந்து, கையை மட்டும் நம்பிச் சுட வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார், தாங்கி வாங்கியதே அதைத் தவிர்க்கத்தான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மான் அளவுள்ள விலங்கில் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி பக்கவாட்டில் பார்க்கும்போது ஏறக்குறைய 20 செ.மீ. வட்டம். குண்டு அதற்குள் பட்டால் விலங்கு சில நொடிகளில் விழுந்துவிடும். ஒரு சாண் பின்னால் போய் வயிற்றில் பட்டால் ஓடிப்போய், எங்கேயோ ஒரு புதரில் மணிக்கணக்கில் கிடந்து சாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது பல நேரம் நம்முடைய கை ஆட்டம்தான். அதனால் தாங்கி வாங்குவதை வசதிக்காக வாங்கும் பொருளாக நான் பார்ப்பதில்லை, சுடுகிறவர் விலங்குக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை அது.

உரிமம் வாங்கி, அனுமதி உள்ள இடத்தில், அனுமதி உள்ள பருவத்தில் வேட்டையாடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். வேட்டை முற்றிலும் தடைசெய்யப்பட்ட நாடுகள் உண்டு. அங்கே இருப்பவர்களுக்கு ரைபிள் கிளப்பில் இலக்குச் சுடும்போது இதில் பாதி உதவும்.

ஒரு மில்லிமீட்டர் என்ன செய்யும்

வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. முன்கட்டை, அதாவது குழலுக்குக் கீழே இருக்கும் கட்டைப் பகுதி, தாங்கியின் மேல் கொஞ்சமும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து தோளில் பதியும் பின்கட்டை வரை சுமார் 70 செ.மீ. இருக்கும். இப்போது பின்கட்டை மட்டும் 1 மி.மீ. நகர்ந்தால் 100 மீட்டரில் குறி 14 செ.மீ. விலகும், 200 மீட்டரில் 28 செ.மீ. விலகும். 20 செ.மீ. வட்டம் என்றால் நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 10 செ.மீ.தான். அதாவது 100 மீட்டரிலேயே பின்கட்டை முக்கால் மில்லிமீட்டர் ஆடினால் வட்டத்தை விட்டு வெளியே போய்விடும். மூச்சு வாங்கும்போதும், மலை ஏறி வந்து நெஞ்சு படபடக்கும்போதும் தோள் எவ்வளவு ஆடும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதனால்தான் முன்பக்கத் தாங்கியை மட்டும் பார்த்து வாங்குவது பாதி வேலை. பின்பக்கம் எதில் ஊன்றி நிற்கப் போகிறது என்பதையும் அதே நேரத்தில் யோசிக்க வேண்டும். பல நேரங்களில் இதற்குக் காசு செலவில்லை. உட்கார்ந்து சுடும்போது விசையை இழுக்கும் கையின் முழங்கையை அதே பக்கத்து முழங்காலுக்கு உள்பக்கமாகச் சாய்த்து வைத்தாலே ஆட்டம் நன்றாகக் குறையும். மண்டியிடும்போது எந்தக் காலைத் தூக்கி வைப்பது என்பதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தாங்கி இல்லாமல் சுடும் வலதுகைக்காரர் இடதுகாலைத் தூக்கி அதன் மேல் இடது முழங்கையை ஊன்றுவார். முன்னால் தாங்கி இருந்தால் இடதுகைக்கு வேலை குறைவு, அதனால் வலதுகாலைத் தூக்கி வைத்து வலது முழங்கையை அதன் மேல் ஊன்ற வேண்டும். பழக்கத்துக்கு மாறாக இருப்பதால் முதலில் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் ஸ்கோப் வழியே பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். படுத்துச் சுடும்போது பின்கட்டைக்குக் கீழே மடித்த கையோ, சுருட்டிய ஜாக்கெட்டோ, பிளாஸ்டிக் மணிகளை நிரப்பிக் கட்டிய பழைய காலுறையோ போதும். நின்று சுடும்போதுதான் பின்பக்கம் கஷ்டம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

உயரத்தை அளந்து எழுதி வையுங்கள்

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று சேம்பரை (குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறையை) திறந்து கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள், மேகசினை (தோட்டாக்கள் வைக்கும் பெட்டியை) கழற்றி வேறு அறையில் வையுங்கள். காட்டுக்குப் போகும்போது போடும் பூட்ஸையும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு, நீங்கள் உண்மையில் சுடும் நிலையில் உட்காருங்கள், மண்டியிடுங்கள், நில்லுங்கள். ஒவ்வொரு நிலையிலும் தரையிலிருந்து முன்கட்டையின் அடிப்பாகம் வரை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். சுமார் 170 செ.மீ. உயரம் உள்ளவருக்குத் தரையில் உட்கார்ந்தால் 55 முதல் 70 செ.மீ., மண்டியிட்டால் 80 முதல் 105 செ.மீ., நின்றால் 140 முதல் 150 செ.மீ. வரும். ஆளுக்கு ஆள் கை, கழுத்து நீளம் மாறும், அதனால் உங்கள் எண்தான் உங்களுக்குக் கணக்கு.

அந்த எண்ணோடு ஒரு சாண் சேர்த்து வாங்குங்கள். சமதரையில் அளந்த உயரம் சரிவில் போதாது. சரிவில் கீழ்நோக்கி உட்காரும்போது தாங்கியின் கால்கள் ஊன்றும் இடம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைவிடத் தாழ்வாக இருக்கும், மேலே நிற்கும் விலங்கைச் சுட வேண்டியிருந்தால் முன்பக்கம் இன்னும் தூக்க வேண்டும். அகட்டி வைத்துத் தாழ்த்தலாம், இல்லாத நீளத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

எந்த நிலையை வைத்து வாங்குவது என்று குழப்பம் வந்தால் இடத்தைப் பாருங்கள். மரமில்லாத மலைமேடு, குட்டைப் புல் என்றால் படுத்துச் சுட வாய்ப்பு அதிகம். புதரும் வெட்டவெளியும் கலந்த இடமென்றால் உட்கார்ந்து சுடுவதுதான் பெரும்பாலும் நடக்கும், என் கணிப்பில் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவதும் இதுதான். ஆளுயரப் புல், அடர்ந்த புதர் என்றால் நின்றுதான் சுட வேண்டும். ஆப்பிரிக்கச் சவானாவில் வழிகாட்டி வேட்டைக்காரர்கள் நின்று சுடும் உயரத்துக்கு முக்காலிக் குச்சிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது இதனால்தான். மறைவுக் கூடாரத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே அளக்க வேண்டும், தரையில் அளந்த எண் அங்கே உதவாது.

குச்சிகள்

ஒற்றைக் குச்சியை, அதாவது மோனோபாடை, சீக்கிரமாகச் சொல்லி முடித்துவிடலாம். மேலும் கீழும் ஆடுவதை நிறுத்தும், பக்கவாட்டில் ஆடுவதை நிறுத்தாது. நடக்கும்போது ஊன்றுகோலாக உதவும், பைனாகுலருக்கு முட்டுக்கொடுக்க நல்லது. 50, 60 மீட்டருக்குள் சுடுகிறவர்களுக்குச் சரி.

குறுக்காகக் கட்டிய இரண்டு குச்சிகள்தான் எனக்குப் பிடித்தவை. கவைக்கோல் வைத்துச் சுடுவது புதிதில்லை. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் மஸ்கெட் என்ற கனமான பழைய துப்பாக்கியைத் தூக்கிய படைவீரர்கள் கவையுள்ள கோல் ஒன்றைக் கூடவே சுமந்தார்கள், 1870-களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமைகளை வேட்டையாடியவர்கள் கனத்த ஷார்ப்ஸ் துப்பாக்கியைக் குறுக்குக் குச்சிகளின் மேல் வைத்து உட்கார்ந்தபடி சுட்டார்கள். (அந்த வேட்டை அந்த இனத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.) இரண்டு குச்சியின் நன்மை, அகட்டினால் உயரம் குறையும், நெருக்கினால் கூடும், எந்தப் பூட்டையும் திருக வேண்டாம். பக்கவாட்டு ஆட்டத்தையும் மேல்கீழ் ஆட்டத்தையும் பிடித்துவிடும். முன்னும் பின்னும் மட்டும் சாயும், அதைச் சரிசெய்யக் கால்களைக் கொஞ்சம் முன்னால் தள்ளி ஊன்றி, மேல்பகுதி உங்களை நோக்கிச் சாய்ந்திருக்குமாறு வைத்து, குச்சிகள் சேரும் இடத்தையும் முன்கட்டையையும் இடதுகையால் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது உங்கள் உடம்பே மூன்றாவது கால்.

உட்கார்ந்து சுடுகிறவர் இதைக் கையாலேயே செய்துகொள்ளலாம். கட்டைவிரல் பருமனில், முறுக்கில்லாத, காய்ந்த இரண்டு கழிகளை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, மேல்முனையிலிருந்து ஒரு கைப்பிடி அளவு விட்டுத் துளையிட்டு, ஒரு போல்ட்டை வாஷரோடு முடுக்கிவிட்டு, மேலே துப்பாக்கி உட்காரும் இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டினால் முடிந்தது. இதை வைத்து ஒரு பருவம் பழகிவிட்டு, அப்புறம் எது குறைகிறது என்று பார்த்து வாங்கினால் பணமும் மிச்சம், தேவையும் தெளிவாகத் தெரியும்.

கடையில் கிடைக்கும் மடக்குக் குச்சிகளில் சில, உள்ளே ஓடும் இழுவைக் கயிறு தானாகவே துண்டுகளை இணைத்துக்கொள்ளும் வகை. பையில் சின்னதாக அடங்கும், ஆனால் விரியும்போது ஒவ்வொரு துண்டும் மற்றதில் மோதி 'டக் டக்' என்று கேட்கும், அமைதியான காலையில் அந்தச் சத்தம் போதும் காரியத்தைக் கெடுக்க. விலங்கைப் பார்ப்பதற்கு முன்பே விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்களுக்கு இது பிரச்சினையில்லை.

மூன்று குச்சி தானாக நிற்கும். அதனால் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கையை எடுக்கலாம் என்று அர்த்தமில்லை, தோட்டா ஏற்றிய துப்பாக்கியைக் கவையில் சும்மா சாய்த்து வைத்துவிட்டுப் பைனாகுலரை எடுக்கிற பழக்கம் மிகவும் ஆபத்தானது. ஒரு கால் இலக்கை நோக்கி, மற்ற இரண்டும் உங்கள் பக்கம் அகன்றிருக்குமாறு வைத்தால் நீங்கள் உள்ளே நெருங்கி நிற்க இடம் கிடைக்கும். விசைப்பிடியை அழுத்தினால் கால்கள் ஒரே நேரத்தில் நீளும் வகை ஒன்று உண்டு. ஒரே கையால் சட்டென்று உயரம் மாற்ற அதற்கு நிகர் வேறில்லை. வாங்குமுன் முழு உயரத்துக்கு நீட்டி, உங்கள் உடல் எடையில் கொஞ்சத்தை அதன் மேல் சாய்த்து, மெல்ல இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

நின்று சுட வேண்டிய இடங்களில் நான்கு குச்சித் தாங்கியை ஒருமுறை முயன்று பாருங்கள். இதில் முன்கட்டைக்கு ஒரு கவை, பின்கட்டைக்கு ஒரு கவை என்று இரண்டு இடத்தில் துப்பாக்கி உட்காரும். மேலே போட்ட மில்லிமீட்டர் கணக்குக்கு நேரடியான விடை இது. நின்றபடி சுடும்போதும் படுத்துச் சுடுவதற்குக் கிட்ட வரும் உறுதி கிடைக்கும். விலங்கு நகர்ந்தால் துப்பாக்கியைத் திருப்புவது மட்டும் சிரமம், குறிப்பிட்ட அகலத்துக்கு மேல் போனால் முழுத் தாங்கியையும் தூக்கி வைக்க வேண்டும். நீளமும் கூடுதல், அடர்ந்த காட்டில் கிளைகளில் மாட்டும்.

ட்ரைபாட் எப்போது

கேமரா ட்ரைபாட் போலவே இருக்கும், மேலே துப்பாக்கியைப் பிடிக்கும் தலையோடு வரும் ட்ரைபாடுகள் இப்போது நிறைய. கார்பன் கால்கள் உள்ளவை தலையோடு சேர்த்து ஒன்றரையிலிருந்து இரண்டரைக் கிலோ வரை வரும். உட்காரும் உயரத்திலிருந்து நிற்கும் உயரம் வரை ஒரே பொருளில் கிடைக்கும், பைனாகுலரையும் அதன் மேலேயே ஏற்றி மணிக்கணக்கில் மலைச்சரிவைத் துழாவலாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்து, விலங்கு வந்த பிறகு நிதானமாகச் சுடுகிற முறைக்கு இதைவிட நல்லது கிடையாது. நடந்துகொண்டே தேடுகிற முறைக்கு இதை நான் சொல்லமாட்டேன். மூன்று காலையும் நீட்டி, பூட்டி, துப்பாக்கியை ஏற்றி முடிப்பதற்குள் விலங்கு போய்விடும்.

தலையில் இரண்டு வகை முக்கியம். முன்கட்டையை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் கவ்வி எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும், ஆனால் அதுவே கனமானது, எல்லா எடையும் உச்சியில் சேர்வதால் காற்றில் கவிழப் பார்க்கும். ஆர்க்கா எனப்படும் தட்டை முன்கட்டைக்குக் கீழே பொருத்தி, தலையில் செருகிப் பூட்டுவது இன்னொரு வகை. துப்பாக்கியின் எடை நடுவில் விழுமாறு முன்னும் பின்னும் நகர்த்திப் பூட்டலாம் என்பதுதான் இதன் பலம். கவ்வியோ தட்டோ, அதற்குக் கீழே எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டைத் தலையின் இறுக்கத்தை முழுவதும் விடாமல் கொஞ்சம் பிடிப்பில் வையுங்கள். துப்பாக்கியை நகர்த்தினால் நகர வேண்டும், கையெடுத்தால் அங்கேயே நிற்க வேண்டும். இந்த நடுநிலை ஒரு தலையில் கிடைக்கவில்லையென்றால் அந்தத் தலை வேண்டாம்.

துப்பாக்கியிலேயே மாட்டும் பைபாட்

பைபாடின் பெரிய நன்மை, எப்போதும் துப்பாக்கியோடு இருக்கும், மறந்துவிட்டு வர முடியாது. தீமையும் அதுவேதான். 300 முதல் 500 கிராம் எடை துப்பாக்கியின் முன்முனையில் தொங்கும், தோளில் மாட்டி நடக்கும்போது புதரெல்லாம் இழுக்கும். ஹாரிஸ் போன்ற பழைய பிராண்டுகளில் 6–9 அங்குலம், 9–13 அங்குலம், 13.5–27 அங்குலம் என்று அளவுகள் கிடைக்கும். முதல் அளவு சுடுதளத்துக்கு அருமை, காட்டில் குட்டை. படுத்து மட்டும் சுடுகிறவர் 9–13 வாங்குவது நல்லது. உட்கார்ந்து சுட 27 அங்குல வகை, ஆனால் முழுக்க நீட்டினால் அது கொஞ்சம் தளரும்.

எந்த அளவானாலும் பக்கவாட்டில் சாயும் மூட்டு உள்ளதாக வாங்குங்கள். காட்டில் சமதரை கிடைக்காது. மூட்டில்லாத பைபாடில் ஒரு கால் கல்லின் மேல், ஒரு கால் பள்ளத்தில் என்றால் துப்பாக்கியே கோணலாகும், ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு சாய்ந்துவிடும், தூரம் கூடக் கூட குண்டு பக்கவாட்டில் விலகும்.

மாட்டும் இடத்தையும் பார்க்க வேண்டும். தோள்வார் மாட்டும் திருகுக் குமிழில் பூட்டும் வகை பழைய வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பொருந்தும். 1995-இல் அமெரிக்க ராணுவத் தரமாக வந்த பிக்காட்டினி ரயிலில் (குறுக்குப் பள்ளங்கள் உள்ள பட்டையில்) பூட்டும் வகை, முன்கட்டையில் இருக்கும் எம்-லாக் துளைகளில் பூட்டும் வகை, ஆர்க்கா தட்டில் பூட்டும் வகை என்று மற்றவை. உங்கள் துப்பாக்கியில் எது இருக்கிறதோ அதற்கு வாங்குங்கள், இடையில் இணைப்புத் துண்டுகளை அடுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு புதிய ஆட்டம். சட்டென்று கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும் வகை கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம், நடக்கும் நேரமெல்லாம் துப்பாக்கி இலகுவாக இருக்கும்.

அப்புறம் ஒரு சோதனை. பிளாஸ்டிக் வார்ப்புக் கட்டை போட்ட துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். குழல் எதையும் தொடாமல் நிற்குமாறு செய்யப்பட்ட துப்பாக்கியில், குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையில் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பின்னால் இழுத்தால் சேம்பர் அருகே வரை தடையில்லாமல் போகும். இப்போது காலித் துப்பாக்கியை பைபாடில் நிறுத்தி, சுடும்போது போலத் தோளால் முன்னால் அழுத்திக்கொண்டு, ஒருவரைக் காகிதத்தை நகர்த்தச் சொல்லுங்கள். சிக்கிக்கொண்டால் கட்டை வளைந்து குழலைத் தொடுகிறது என்று அர்த்தம், ஒவ்வொரு முறை அழுத்தம் மாறும்போதும் குண்டு விழும் இடமும் மாறும். அந்தக் கட்டைக்கு பைபாட் வேண்டாம். குச்சியோ முதுகுப்பையோதான் சரி, அல்லது கட்டையை மாற்ற வேண்டும்.

எல்லாத் தாங்கிக்கும் பொதுவானவை

குழலைத் தாங்கியின் மேல் வைக்கவே கூடாது, முன்கட்டைதான் உட்கார வேண்டும். குண்டு வெளியேறும்போது குழல் அதிரும், அதைக் கவையிலோ மரக்கிளையிலோ அழுத்தி வைத்தால் அதிர்வு மாறி, குண்டு பெரும்பாலும் தாங்கியை விட்டு விலகிப் போகும். இன்னொன்று, குண்டு குழலைத் தாண்டுவதற்கு முன்பே துப்பாக்கி பின்னால் நகரத் தொடங்கிவிடும். 560 மி.மீ. குழலும் மூன்றரைக் கிலோ எடையும் உள்ள துப்பாக்கியில் அது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். சின்ன தூரம்தான், ஆனால் அந்த நேரத்தில் கட்டை கடினமான எதன் மேலாவது இருந்தால் எம்பும். ஆகையால் கவையின் உள்பக்கம் ரப்பரோ தடித்த ஃபோமோ இருக்க வேண்டும். பாறையின் மேல் வைத்துச் சுட நேர்ந்தால் நடுவில் தொப்பியையாவது, உள்ளங்கையையாவது வையுங்கள்.

ஸ்கோப் குழலைவிட நான்கைந்து செ.மீ. மேலே இருப்பதால் வரும் சிக்கலையும் பாருங்கள். தாழ்வான தாங்கியில் படுத்திருக்கும்போது ஸ்கோப்பில் விலங்கு தெளிவாகத் தெரியும், குழலின் முனைக்கு நேரே ஒரு கல்லோ வேரோ நிற்பது தெரியாது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டை மூடுவதற்கு முன் தலையைத் தூக்கிக் குழலின் வழியை ஒருமுறை பாருங்கள். இதற்காகவும்தான் தேவைக்கு மேல் ஒரு சாண் உயரம் வேண்டும் என்கிறேன்.

கால்களின் நீளத்தை நிறுத்தும் பூட்டு விஷயத்தில் என் விருப்பம் நெம்புப் பூட்டு. கையுறை போட்ட கையாலும் திறக்கலாம், பூட்டியிருக்கிறதா இல்லையா என்று தொட்டாலே தெரியும். திருகுப் பூட்டு சத்தமில்லாதது, ஆனால் மணல் போனால் நறநறக்கும், ஈரம் போய்ப் பனியில் உறைந்தால் திறக்காது. அவ்வப்போது கழற்றித் துடைக்கிற பொறுமை உள்ளவர் அதை வாங்கலாம். கால்முனையில் ரப்பர் பாறைக்கு நல்லது, இரும்பு முனை மண்ணுக்கும் புல்லுக்கும் நல்லது. ரப்பரைத் திருகினால் முனை வெளியே வரும் வகை இரண்டுக்கும் உதவும். அலுமினியம் விலை குறைவு, அடி தாங்கும், குளிரில் கையை விறைக்க வைக்கும். கார்பன் இலகுவானது, குளிரில் பிடிக்க நன்றாக இருக்கும், கூரான கல்லில் பலமாக மோதினால் விரிசல் விடும்.

சத்தத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, தாங்கியை மடித்த நிலையிலிருந்து முழு உயரத்துக்கு விரியுங்கள். எங்கே உலோகம் உலோகத்தில் படுகிறது என்று காது சொல்லிவிடும். அந்த இடங்களில் துணி டேப்பைச் சுற்றுங்கள். இருட்டில் விரிக்க வராத தாங்கி, விடியற்காலையில் அவசரத்தில் விரிக்கவும் வராது.

வாங்கிய பிறகு

துப்பாக்கியைச் சுடுதள மேசையில் மணல்மூட்டை வைத்து குறி சரிபார்த்திருந்தால், புதுத் தாங்கியிலிருந்து மறுபடி சரிபார்க்க வேண்டும். கடினமான தாங்கியில் குண்டு விழும் இடம் கொஞ்சம் மாறக்கூடும், அது விலங்கின் முன்னால் தெரியவரக் கூடாது.

வீட்டில் தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுங்கள். இப்போதைய பெரிய ரகத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் இதனால் கெடுதல் இல்லை, .22 போன்ற விளிம்படி ரகங்களில் (ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிப்பவை) தோட்டா இல்லாவிட்டால் ஊசி குழல் விளிம்பில் அடிக்கும் என்பதால் போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள். நடந்து வருவது போல வந்து, நின்று, தாங்கியை ஊன்றி, துப்பாக்கியை வைத்து, குறி நிலைத்து விசையை இழுக்கும்வரை பத்து நொடிக்குள் முடிகிறதா என்று பாருங்கள். விலங்கு தலை தூக்கிப் பார்த்துவிட்டால் அதற்கு மேல் அவகாசம் கிடைப்பது அரிது. முடியவில்லையென்றால் தாங்கியில் ஏதோ ஒன்று உங்களுக்குப் பொருந்தவில்லை, இன்னும் எளிமையான வகைக்கு மாறுங்கள். ஐந்நூறு மீட்டரில் அசையாத தாங்கியைவிட ஐந்து நொடியில் கைக்கு வரும் தாங்கி காட்டில் பெரிது.

சுடுதளத்தில் 20 செ.மீ. காகிதத் தட்டை வைத்து, காட்டில் சுடும் அதே நிலையில், அதே தாங்கியில், கொஞ்சம் ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்கும்போதே சுடுங்கள். ஒரு குண்டுகூட வெளியே போகாத தூரம் எதுவோ அதுதான் அந்த நிலைக்கு உங்கள் எல்லை. படுத்தால் ஒரு எல்லை, உட்கார்ந்தால் ஒரு எல்லை, நின்றால் ஒரு எல்லை. அதைத் தாண்டி நிற்கும் விலங்கை, எவ்வளவு பெரிய கொம்பு இருந்தாலும், விட்டுவிடுங்கள் அல்லது இன்னும் நெருங்குங்கள்.

தாங்கியைப் பையின் பக்கவாட்டில் கட்டி வைத்தால் தேவையான நேரத்தில் அது அங்கேயேதான் இருக்கும். கையில் ஊன்றுகோலாகப் பிடித்து நடங்கள். அது ஏதோ காரணத்தால் உதவாமல் போனால் முதுகுப்பையை நிமிர்த்தி வைத்து அதன் மேல் வைக்கலாம், அல்லது மரத்தில் உள்ளங்கையைப் பதித்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் முன்கட்டையைத் தாங்கலாம். ஸ்கோப்பை வைத்துத் தேடாதீர்கள், எது நிற்கிறது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை பைனாகுலரில் பார்த்து உறுதியான பிறகுதான் துப்பாக்கி தாங்கிக்கு வர வேண்டும்.

சுட்டவுடன் எழுந்திருக்காதீர்கள். தாங்கியை விட்டுத் துப்பாக்கியைத் தூக்காமலேயே அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பில் விலங்கைப் பார்த்துக்கொண்டே இருங்கள், இரண்டாவது முறை சுட வேண்டியிருந்தால் அதே உறுதி அப்போதும் வேண்டும். விலங்கு ஓடி மறைந்துவிட்டால், அது கடைசியாக நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மரத்தையோ பாறையையோ மனதில் குறித்துக்கொண்டு, துப்பாக்கியைப் பாதுகாப்பாக்கி, குச்சியை நீங்கள் சுட்ட இடத்திலேயே ஊன்றிப் பளிச்சென்ற துணி ஒன்றைக் கட்டிவிட்டுப் போங்கள். அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் எல்லாப் புதரும் ஒரே மாதிரிதான் இருக்கும். குச்சி தெரிந்தால் குண்டு போன கோட்டைப் பிடித்துவிடலாம், இரத்தத் தடத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதும் தெரிந்துவிடும்.